ஆன்டெனா ஆடுது, தங்கம் எங்கே? நிலைமின் புதையல் கருவிகளுக்கு ஒரு வழிகாட்டி

போன மார்ச் மாதம் லிங்கராஜபுரத்து மாமா ஒரு கறுப்பு சூட்கேஸோடு வீட்டுக்கு வந்தார். திறந்தால் கறுப்பு ஸ்பாஞ்சுக்குள் பதித்து வைத்த ஒரு கைப்பிடி, இழுத்தால் நீளும் இரண்டு ஆன்டெனா, நாலு குமிழ், சின்னதாக ஒரு திரை. மூன்று நண்பர்கள் சேர்ந்து எண்பத்தைந்தாயிரம் போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

"மாப்ள, மண்ணுக்குள்ள ரொம்ப வருஷமா கிடக்கிற தங்கம் ஸ்டாட்டிக் கரண்ட் விட்டுக்கிட்டே இருக்குமாம். இது முந்நூறு மீட்டர்லயே பிடிச்சிடும்" என்றார்.

மாமாவின் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரியில் தங்கவயலையே இழுத்து மூடிய பிறகு பிள்ளைகள் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தார்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். அந்த வீட்டில் யாராவது தங்கம் என்றாலே பேச்சு ஒரு நிமிடம் நின்று போகும். அதனால் நான் சிரிக்கவில்லை. என் தொழில் பீன்யாவில் அளவைக் கருவிகளைப் பழுது பார்ப்பது. "ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும் மாமா, பார்த்துடலாம்" என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வாரத்தில் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படி ஒரு சூட்கேஸ் வாங்கலாமா என்று யோசிப்பவருக்கும், வாங்கிவிட்டு முழிப்பவருக்கும், சும்மா ஆர்வம் உள்ளவருக்கும் உதவும். ஒரு சனிக்கிழமையும் முந்நூறு ரூபாய்க்குள் செலவும் போதும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில், சந்தையில் என்னதான் இருக்கிறது

முன்பு புதையலுக்கு மை போட்டுப் பார்த்தார்கள். இப்போது ஆன்டெனா போட்டுப் பார்க்கிறார்கள். விற்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே வகை வேறு.

ஆடுகிற வகை ஒன்று. கையில் பிடித்தால் ஆன்டெனா இடமும் வலமும் திரும்பி 'காட்டும்'. லாங் ரேஞ்ச் லொக்கேட்டர் என்று விற்பதில் பெரும்பாலானவை இதுதான். நம் ஊரில் கவட்டைக் குச்சியும் உள்ளங்கைத் தேங்காயும் வைத்து நீரோட்டம் பார்ப்பார்களே, அதன் பேட்டரி போட்ட தம்பி. இன்னொன்று கூவுகிற வகை. இதற்குள் உண்மையாகவே மின்புலத்தை உணரும் ஒரு சுற்று இருக்கும், எதையோ கண்டு பீப் அடிக்கும். அந்த 'எதையோ' எது என்பதில்தான் சங்கதி. மூன்றாவது, தரையை ஒட்டித் தடவிக்கொண்டு போகும் வட்டக் காயில் (கம்பிச் சுருள்) வைத்த மெட்டல் டிடெக்டர். நிலைமின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் உலோகத்தைக் கண்டுபிடிப்பது இது மட்டும்தான்.

இரிடியம் கலசம், ரைஸ் புல்லர் கதையும் இந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான். இடி விழுந்த செம்புப் பாத்திரம் அரிசியை இழுக்குமாம், நாசா கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குமாம், அதற்கு முன்னால் 'டெஸ்டிங் சார்ஜ்' மட்டும் நீங்கள் கட்ட வேண்டுமாம். அரிசியில் இரும்புத் தூளை ஒட்டி, பாத்திரத்துக்குள் காந்தத்தை மறைத்தால் இழுக்காமல் என்ன செய்யும்? இந்தப் பேச்சை யாராவது எடுத்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அதைப் பற்றி மேலே எழுத ஒன்றும் இல்லை.

ஜாம் பாட்டிலில் ஒரு நிலைமின்காட்டி

எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள், தங்க இலை நிலைமின்காட்டி. ஆபிரகாம் பென்னட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1787 வாக்கில் செய்தது. இருநூற்று முப்பது வருடத்துக்கு மேலாகியும் மின்னூட்டம் இருக்கிறதா இல்லையா என்று கேட்க இதைவிட நேர்மையான கருவி கிடையாது. பேட்டரி இல்லை, குமிழ் இல்லை, ஏமாற்ற இடமும் இல்லை.

பிளாஸ்டிக் மூடியுள்ள கண்ணாடி ஜாம் பாட்டில் ஒன்றைக் கழுவி, வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காய வையுங்கள். காய்வதுதான் இதில் முக்கால்வாசி வேலை. மூடியின் நடுவில் ஓட்டை போட்டு, பென்சில் கனமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகி, அதற்குள் ஒரு தடித்த செம்புக் கம்பியை விடுங்கள். இடைவெளியில் மெழுகுவர்த்தி மெழுகை உருக்கி ஊற்றினால் கம்பி அசையாது, மின்னூட்டமும் மூடி வழியாகக் கசியாது. கம்பியின் மேல்முனையைச் சுருட்டி ஒரு வட்டு மாதிரி செய்துகொள்ளுங்கள். கீழ்முனையைக் கொக்கியாக வளைத்து, சமையலறை அலுமினிய ஃபாயிலிலிருந்து நாலு சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிய இரண்டு நாடாக்களை ஒன்றையொன்று தொடும்படி மாட்டுங்கள். ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் பாட்டிலின் அடியில் போடுங்கள். இனிப்புக்கு மேல் ஒட்டும் வெள்ளி ரேக்கு இன்னும் மெல்லியது, இன்னும் நன்றாக விரியும். ஆனால் மூச்சு பட்டாலே கிழிந்துவிடும். நான் மூன்று தாள் வீணாக்கிய பிறகு ஃபாயிலுக்கே திரும்பினேன்.

எண்ணெய் இல்லாத தலையில் பிளாஸ்டிக் சீப்பைப் பத்துத் தடவை இழுத்து, வட்டுக்கு அருகே கொண்டு போங்கள். தொட வேண்டாம். கீழே நாடா இரண்டும் சட்டென்று விலகும். சீப்பை எடுத்தால் மறுபடி சேரும். பெங்களூரில் டிசம்பர் முதல் மார்ச் வரை இது அமர்க்களமாக வேலை செய்யும். ஜூலை மழையில் செய்து பார்த்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம். ஈரக்காற்றில் மின்னூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும்.

இப்போது சீப்பை வைத்துவிட்டுத் தங்கத்தை எடுங்கள்.

என் மனைவி இரண்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், கூடவே ஒரு முறைப்பும். வட்டுக்கு மேலே வளையலைப் பிடித்தேன். பத்து சென்டிமீட்டர், ஐந்து, ஒன்று. நாடா அசையவில்லை. வட்டின் மேலேயே வைத்தேன். அசையவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் குனிந்தபோது நாடா லேசாக விரிந்தது! அவர் போட்டிருந்தது பாலியஸ்டர் சட்டை.

ஒரு பவுன் தங்கத்தை நடுவில் மண் இல்லாமல், ஒரு விரல் தூரத்தில்கூட இந்தக் கருவி உணரவில்லை. அதே கருவி ஐம்பது ரூபாய் சீப்பை ஒரு அடி தூரத்திலேயே உணர்கிறது. எண்பத்தைந்தாயிரம் ரூபாய் கருவியைப் பற்றி எந்த வாதத்தைத் தொடங்குவதற்கு முன்னாலும் இதை உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை

"அது பழைய காலத்துக் கருவி மாப்ள, இது எலக்ட்ரானிக்" என்றார் மாமா. நியாயமான கேள்விதான். அதனால் அடுத்தது எலக்ட்ரானிக்.

டவுன் ஹால் பக்கம் இறங்கி, பெங்களூரின் எலக்ட்ரானிக் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்கு நடந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடை மூடியிருக்கும், சனிக்கிழமை மதியத்துக்குள் போவது நல்லது. கல்லூரி லேப் சாமான் விற்கும் சின்னக் கடைகளில் கேளுங்கள். 'பிஎஃப்டபிள்யூ 10' என்று சொன்னாலே எடுத்துப் போடுவார்கள். குட்டித் தகரத் தொப்பி போட்ட, நாலு கால் வைத்த ஜேஃபெட் டிரான்சிஸ்டர் அது. டிரெயின், சோர்ஸ் என்ற இரண்டு கால்களுக்கு நடுவே ஓடும் மின்னோட்டத்தை, கேட் என்ற மூன்றாவது கால் கதவு மாதிரி திறந்து மூடும். நம் ஊர் பொறியியல் மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சுட்டுக் கருக்கிய பொருள். இரண்டு வாங்குங்கள், ஒன்று நிச்சயம் போகும். கூடவே சிவப்பு எல்.இ.டி., 470 ஓம் மின்தடை ஒன்று, 1 மெகா ஓம் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, அதன் கிளிப், ஒரு சாண் செம்புக் கம்பி.

இணைப்பு இவ்வளவுதான். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து 470 ஓம், அங்கிருந்து எல்.இ.டி., அங்கிருந்து டிரான்சிஸ்டரின் டிரெயின் கால். சோர்ஸ் காலும் தகரத் தொப்பிக்கான நாலாவது காலும் பேட்டரியின் மைனஸில். கேட் காலில் 1 மெகா ஓம், அதன் மறுமுனையில் செம்புக் கம்பி, அதுதான் ஆன்டெனா. எந்தக் கால் எது என்று கடைக்காரரிடமே டேட்டா ஷீட்டைக் காட்டச் சொல்லுங்கள், ஊகத்தில் சூடு வைக்காதீர்கள். ஒரு நுணுக்கம்: கேட் காலைப் போர்டில் பற்றவைக்காமல் காற்றில் தூக்கி நிறுத்துங்கள். போர்டில் படிந்த விரல் அழுக்கு வழியாகக்கூட அந்தச் சிறு மின்னூட்டம் ஓடிவிடும். அந்த அளவுக்கு உணர்ச்சியுள்ளது.

பேட்டரியை மாட்டினால் விளக்கு எரிய வேண்டும். மைனஸ் முனையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, உரசிய சீப்பை ஆன்டெனாவை நோக்கிக் கொண்டுபோங்கள். விளக்கு மங்கி அணையும். சீப்பிலுள்ள எதிர்மின்னூட்டம் ஆன்டெனாவிலுள்ள எலக்ட்ரான்களைக் கேட் பக்கம் தள்ளுகிறது, கேட் கதவைச் சாத்துகிறது. ஒரு மீட்டர் தள்ளியே பிடித்துவிடும். சீப்பை ஆன்டெனாவில் தொட்டுப் பொறி பறக்கவிட்டால் மட்டும் டிரான்சிஸ்டர் போய்விடும். மாட்டிக்கொண்ட மாதிரி அணைந்தே கிடந்தால் ஆன்டெனாவையும் மைனஸையும் சேர்த்து ஒருமுறை தொட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

இனி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். எதற்கெல்லாம் விளக்கு மங்குகிறது என்று எழுதுங்கள். நான் எழுதியது: பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்தால், பி.வி.சி. செருப்போடு மிதியடியில் நடந்தால், பையன் ஸ்வெட்டரைக் கழற்றினால். சுவருக்குள் ஓடும் மின்கம்பிப் பக்கம் போனால் நிரந்தரமாக மங்கல், ஏனென்றால் 50 ஹெர்ட்ஸ் மின்புலம் சுவரைத் தாண்டி வெளியே வருகிறது. மொட்டை மாடியில், தூரத்தில் இடி முழங்கியபோது விளக்கு தானாகத் துடித்தது. அதைப் பார்த்ததும் உள்ளே ஓடி வந்துவிட்டோம், நீங்களும் ஓடி வந்துவிடுங்கள்.

வளையலுக்கு? ஒன்றும் இல்லை. தொட்டியில் செம்மண்ணுக்குள் புதைத்த வளையலுக்கு? ஒன்றும் இல்லை.

கூவுகிற வகைக் கருவியின் ரகசியம் இதுதான். அது பொய்க் கருவி அல்ல, நிஜமாகவே எதையோ உணர்கிறது. நல்ல வானிலையிலேயே தரைக்கு மேல் மீட்டருக்கு நூறு வோல்ட் அளவில் ஒரு மின்புலம் எப்போதும் இருக்கிறது, இடிமேகம் வந்தால் அது ஆயிரக்கணக்கில் ஏறும். மரம், பாறை, கோயில் கோபுரம், மேடு என்று எது நிமிர்ந்து நின்றாலும் அந்தப் புலம் வளையும். காய்ந்த புல்லில் நடக்கும் உங்கள் உடம்பே மின்னேறிக் கிடக்கும். ஆகவே பாழடைந்த மண்டபத்தின் பக்கம், ஒற்றைப் புளியமரத்தின் பக்கம் கருவி கூவும். புதையல் இருக்கும் என்று நாம் ஏற்கெனவே நம்புகிற இடங்களும் அவைதானே!

மண்ணுக்குள் மின்னூட்டம் ஏன் தங்காது

கொஞ்சம் கணக்கு. வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். ஒரு பொருளில் ஏறிய மின்னூட்டம் சுற்றியுள்ள பொருள் வழியாக எவ்வளவு நேரத்தில் ஓடிவிடும் என்பதற்கு எளிய சூத்திரம் உண்டு: சுற்றுப்பொருளின் விடுதிறனை அதன் மின்கடத்துதிறனால் வகுத்தால் போதும். கொஞ்சம் ஈரமுள்ள சாதாரண மண்ணுக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் பத்து நானோ நொடி வரும். ஒரு நொடியைப் பத்துக் கோடிப் பங்காக வெட்டி அதில் ஒரு பங்கு. நன்றாகக் காய்ந்த மண் என்றாலும் ஒரு நொடியில் மிகச் சிறு பங்குதான். திப்பு காலத்தில் புதைத்த காசில் மின்னூட்டம் இருந்திருந்தால் புதைத்தவன் மண்வெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே அது போயிருக்கும்.

நிலைமின்புலத்தைப் பொறுத்தவரை தரையே ஒரு மின்கடத்தி. கடத்திக்குள் நிலைமின்புலம் நிற்காது. ஃபாரடே 1836-ல் உலோகத்தகடு பூசிய ஒரு பெட்டி அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வெளியே மின்பொறி தெறிக்க, உள்ளே நிலைமின்காட்டி அசையவில்லை என்று காட்டியது இதைத்தான். தரைக்கு மேலே நிற்கிறவனுக்குத் தரைக்குள் இருப்பது நிலைமின்சாரத்தின் வழியாகத் தெரிய வழியில்லை.

'நீண்ட நாள் புதைந்த தங்கம் அயனிகளை விடும்' என்று சொல்வதும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தங்கத்துக்கு நாம் இவ்வளவு விலை கொடுப்பதே அது மண்ணோடும் காற்றோடும் சேராமல் அப்படியே இருப்பதால்தான். துருப்பிடித்து அயனி விட வேண்டுமென்றால் இரும்புச் சட்டிதான் விட வேண்டும்.

கண்ணை மறைத்து ஒரு சோதனை

ஆடுகிற வகைக்கு மேலே சொன்ன இயற்பியல் எதுவும் தேவையில்லை. ஐந்து பிளாஸ்டிக் டப்பா, ஆறு முகமுள்ள ஒரு தாயக்கட்டை போதும். கருவியை வாங்குவதற்கு முன், விற்பவர் முன்னிலையிலேயே செய்ய வேண்டியது இது. "டெமோ காட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். டெமோவில் எல்லாக் கருவியும் வேலை செய்யும், தங்கம் எங்கே இருக்கிறது என்று பிடித்திருப்பவருக்குத் தெரியும் அல்லவா.

முதலில் திறந்த சுற்று. ஐந்து டப்பாக்களை இரண்டு மீட்டர் இடைவெளியில் கவிழ்த்து வைத்து, மூன்றாவதில் வளையல் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். கருவி அதைக் காட்டட்டும். "இன்றைக்கு, இந்த இடத்தில், கருவி நன்றாக வேலை செய்கிறது" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பிறகு அமாவாசை, செல்போன் டவர், தரைக்கடியில் தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றாக வரும்.

பிறகு மறைந்த சுற்று. கருவி பிடிப்பவர் வேறு அறைக்குப் போய்விட வேண்டும். ஒருவர் தாயக்கட்டையை உருட்டி ஒன்று முதல் ஐந்து வரை எது விழுகிறதோ அந்த டப்பாவில் வளையலை வைப்பார். ஆறு விழுந்தால் மறுபடி உருட்டல். எண்ணைக் குறித்துக்கொண்டு அவரும் வெளியே போய்விட வேண்டும், முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்படி இருபது முறை. வெறும் குருட்டு ஊகத்திலேயே இருபதுக்கு நாலு சரியாக வரும். எட்டு வந்தால் லேசாகப் புருவத்தை உயர்த்தலாம். ஒன்பது அல்லது அதற்கு மேல் அதிர்ஷ்டத்தால் வருவது நூறில் ஒரு தடவைதான். பத்து வந்தால் எனக்கு எழுதுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

மாமாவுக்குத் திறந்த சுற்றில் ஐந்துக்கு ஐந்து. மறைந்த சுற்றில் இருபதுக்கு மூன்று.

மாமா பொய் சொல்லவில்லை. அவர் கையில் அது நிஜமாகவே திரும்பியது. கைப்பிடிக்குள் ஆன்டெனா தடையில்லாமல் சுழலும்படி வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டு ஓரிரு பாகை சாய்ந்தாலே அது முழுக்கத் திரும்பிவிடும். மனம் எதிர்பார்ப்பதைத் தசை தானாகவே செய்துவிடுகிறது. வில்லியம் கார்ப்பென்டர் 1852-லேயே இதற்கு ஐடியோமோட்டர் விளைவு என்று பெயர் வைத்துவிட்டார். இதைச் சரிபார்க்க இன்னும் சுருக்கமான வழி: கருவியை கேமரா ஸ்டாண்டில் மாட்டி, மட்டம் பார்த்து வைத்து, கையை எடுத்துவிட்டு, எதிரே தங்கத்தை ஆட்டிக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அது விஷ்ணு சிலை மாதிரி நின்றது. "மனுஷ உடம்பின் ஸ்டாட்டிக் வேண்டும்" என்று விற்றவர் போனில் சொன்னார். சரி, ஸ்டாண்டை ஒரு கையால் தொட்டுக்கொண்டே செய்தோம். அப்போதும் அப்படியே.

நாம் மட்டும் ஏமாறுகிறோம் என்று வெட்கப்பட வேண்டாம். ஏடிஇ 651 என்று ஒன்று, 'எலக்ட்ரோஸ்டாட்டிக் மேக்னெட்டிக் அயன் அட்ராக்‌ஷன்' என்ற பெயரில் வெடிகுண்டு கண்டுபிடிக்கும் என்று சொல்லி ஈராக் அரசுக்கே விற்றார்கள். பாக்தாத் சோதனைச் சாவடிகளில் காவலர்கள் அந்த ஆடும் ஆன்டெனாவோடு நின்றார்கள். அதன் அசல் வடிவம் கோல்ஃப் பந்து தேடும் ஒரு பொம்மை. விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் லண்டன் நீதிமன்றம் பத்து வருடச் சிறை கொடுத்தது. இதே ரகத்து ஜிடி 200-ஐ வாங்கிய தாய்லாந்து, 2010-ல் நாலு பெட்டி வைத்து இருபது முறை சோதித்தது. சரியாகக் காட்டியது நாலே முறை. வெறும் ஊகத்துக்கே ஐந்து வந்திருக்க வேண்டும்!

திறந்து பார்ப்பது

உங்கள் பொருள் என்றால் திறங்கள். வாரண்டி போகும் என்று பயந்து யாரும் திறக்காததுதான் இந்த வியாபாரத்தின் பலம். உள்ளே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஆன்டெனாவிலிருந்து வரும் கம்பி எங்கே போகிறது?

எங்கள் சூட்கேஸில் அது எங்கும் போகவில்லை. குமிழ்களும் திரையும் ஒரு சின்ன போர்டில் இருந்தன, தங்கம், வெள்ளி, செம்பு என்று எழுத்து மாறுவதற்காக. ஆன்டெனாவின் திருகுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புக் கம்பி புறப்பட்டு, கறுப்புப் பிசின் ஊற்றிய தீப்பெட்டி அளவு கட்டிக்குள் மறைந்தது. ஹீட் கன் வைத்து இளக்கி, ஒரு மணி நேரம் பொறுமையாகச் சுரண்டினோம். கம்பி பிசினுக்குள் ஒரு அங்குலம் வந்து முடிந்துவிட்டது. நுனியில் ஒன்றுமே இல்லை. மாமா அந்த நுனியை நகத்தால் கீறிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்படியானால் எதை வைத்துத் தேடுவது

காயில் வைத்த மெட்டல் டிடெக்டர். ஒரு சுருளில் மாறுமின்சாரத்தை விட்டால் அருகிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும், அதை இன்னொரு சுருள் உணரும். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டபோது உடம்பில் குண்டு எங்கே என்று தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே வழியில் ஒரு கருவி செய்துகொண்டு ஓடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. மெத்தையின் இரும்பு ஸ்பிரிங் குழப்பியிருக்கும் என்கிறார்கள். இன்றும் அதுதான் தலைவலி: ஆணி, பீர் மூடி, குட்காப் பொட்டலத்து ஃபாயில்.

இதில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கருவிக்கு ஒரு நாணயம் ஒரு சாண் ஆழத்தில் தெரிந்தால் நல்ல நாள். அண்டா அளவு பெரிய உலோகம் என்றால் ஒரு மீட்டர் போகலாம். அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. சின்னப் பொருளுக்குத் தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சமிக்ஞை அறுபத்து நாலில் ஒரு பங்காகிவிடும். எனவே 'முந்நூறு மீட்டர்' என்று எந்த விளம்பரத்தில் பார்த்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

தொல்லியல்காரர்களும் மண்ணியலாளர்களும் தரைக்குள் பார்க்க மின்சாரத்தைப் பயன்படுத்துகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இரும்புக் கம்பிகளைத் தரையில் அடித்து, மின்னோட்டத்தை விட்டு, மின்தடையை அளப்பார்கள். அதில் சுவர், பள்ளம், ஈரம் தெரியும். 'தங்கம்' என்று எழுத்து வராது. தங்கவயலிலேயே தங்கம் கட்டியாகக் கிடக்கவில்லை. ஒரு டன் பாறைக்குச் சில கிராம் என்று குவார்ட்ஸுக்குள் தூளாகக் கலந்து கிடந்தது. சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய அந்தக் கழிவு மேட்டின் மேல் எந்த டிடெக்டரைப் பிடித்தாலும் கிடைப்பது பழைய ஆணிதான்.

பெங்களூர் மண்ணில் பழைய காசு கிடைக்காமல் இல்லை. யஷ்வந்த்பூரிலும் எச்.ஏ.எல். பக்கத்திலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகள் வந்திருக்கின்றன. நம் ஊரில் பெரும்பாலும் இப்படித்தான், வேறு ஏதோ வேலைக்குத் தோண்டுகிறவன் கையில் தானாக வந்து விழும்.

தோண்டுவதற்கு முன் சட்டம்

மாமாவின் குறி கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் கொல்லை. அது தமிழ்நாடு என்பதால் 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும், என்ன, எங்கே, எப்போது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் கலெக்டர் கேட்கும் ஜாமீனைக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் இன்னும் மாறவில்லை. தெரிவிக்காவிட்டால் உங்கள் பங்கும் போய், ஒரு வருடம் வரை சிறையும் உண்டு. உரிமை கொண்டாட யாரும் இல்லை என்று அறிவித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால் பங்கு. கர்நாடகத்தில் தோண்டினால் மாநிலத்தின் 1962-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, டெபுட்டி கமிஷனர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று நீலப் பலகை வைத்த கோட்டை, கோயில் பக்கம் கருவியோடு போகவே வேண்டாம். அங்கே அனுமதியில்லாமல் தோண்டுவது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நூறு வருடத்தைத் தாண்டிய காசும் சிலையும் 1972 சட்டத்தின் கீழ் தொல்பொருள், நினைத்தபடி விற்க முடியாது. பெங்களூர் தோம்லூரில் கோயிலில் நம் தமிழிலேயே கல்வெட்டு இருக்கிறது என்று பெருமை பேசிவிட்டு, அதன் அடிவாரத்தைத் தோண்டுகிறவனைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது தனிக் கதை.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் 1930-க்கு உடனே அடியுங்கள், சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. இருபது முறை சோதித்த தாளும், விற்றவர் வாயால் சொன்ன 'முந்நூறு மீட்டரும்' புகாரோடு சேர்ந்தால் பலம். எங்கள் புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

சூட்கேஸ் பரண் மேல் கிடக்கிறது. நூற்றைம்பது ரூபாய் எல்.இ.டி. கருவியை மட்டும் மாமா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, அதைச் சுவரில் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். தாத்தா படம் மாட்ட ட்ரில் போட வேண்டுமாம். விளக்கு மங்கிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார். "இதுல கம்பி ஓடுது மாப்ள. ரெண்டு அங்குலம் தள்ளிப் போடு."